பாலுவின் தொண்டையும் மூன்று ஆந்தைக் குஞ்சுகளும்

"வாங்கம்மா வாங்க!" என்றான் பாலு, பல் துலக்கிய கையோடு.

"ஷ்ஷ்ஷ்ஷ்..." என்று பாத்ரூம் சுவர் பதில் சொன்னது.

பாலு குழாயைப் பார்த்தான். மூடித்தான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். "வாங்கண்ணா வாங்க! எத எடுத்தாலும் எரநூறு!"

"ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்!"

நாற்பத்தாறு வயதில் அவனை வாயை மூடச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். சுவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மைக்கில் கூவுவது பாலுவின் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே ஸ்டூல், அதே கூவல். விடியற்காலை ஐந்தரைக்கு அரை மணி நேரம் கத்தித் தொண்டையைத் திறந்துவிட்டால்தான் ராத்திரி பத்து வரை தாங்கும் என்பது அவன் கொள்கை. அதற்குப் பாத்ரூம்தான் தோது. அங்கே எக்கோ பிரமாதம். எக்கோ ஏன் பிரமாதம் என்றால், ஜன்னலுக்கு வெளியே பைப்புகள் இறங்கும் சந்து ஒன்று, மொட்டை மாடியிலிருந்து தரை வரைக்கும் கிணறு மாதிரி ஓடியது. மயிலாப்பூரில் அந்த டி பிளாக்கில் இருந்த நான்கு மாடிகளின் பாத்ரூம் ஜன்னல்களும் அந்தச் சந்துக்குள்தான் திறந்தன. இதைப் பற்றி பாலு ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவன் பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி, ஜன்னல் வழியே செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தான். தண்ணீர் டேங்குக்கு அடியில் இருந்த பொந்திலிருந்து மூன்று வெள்ளை முகங்கள் அவனை முறைத்தன. பக்கெட் வழுக்கியது.

"இன்னாய்யா ஆச்சு?" என்று மனைவி ரத்னா ஓடி வந்தாள்.

"பேயி! மூணு கீது! மூணும் என்னப் பாத்து சும்மா இருன்னுது!"

"பேயிக்கே தாங்கலியா?" என்றாள் ரத்னா.

மதியத்துக்குள் அஃப்ரா வந்துவிட்டாள். கால்நடை மருத்துவம் படிக்கும் பெண். அடிபட்ட பறவை, வழி தவறின பாம்பு, கிணற்றில் விழுந்த கீரி, எதுவானாலும் கூப்பிட்டால் ஸ்கூட்டியில் வந்து நிற்பாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக இறங்கினாள்.

"கூகை சார், வெள்ளை ஆந்தை! மூணு வாரக் குஞ்சுங்க. நம்ம ஊரு பறவை. ஒரு குடும்பம் இருந்தா வருஷத்துக்கு ஆயிரம் எலியாவது காலி பண்ணும்."

"எடுத்துகினு போயிடும்மா," என்றான் பாலு.

"எடுக்கக் கூடாது சார். அம்மா அப்பா பக்கத்துலயேதான் இருக்கு. அஞ்சு வாரத்துல தானா பறந்துடும். அதுவரைக்கும் எட்டிப் பாக்காதீங்க. கொஞ்சம் சத்தத்தையும் கொறச்சுக்குங்க. பயந்துச்சுன்னா பறக்கத் தெரியாமலே குதிச்சிடும்."

"அஞ்சு வாரமா? யம்மா, எனக்குத் தொண்டதாம்மா சோறு!"

அது வெறும் பேச்சில்லை. கடை முதலாளி ஒரு ரெக்கார்டிங் மெஷின் விலை கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கல் விற்பனைக்குள் பாலுவின் குரலில் பிசிறு தட்டினால் ஸ்டூலில் மெஷின் உட்காரும், பாலு குடோனில் உட்கார்ந்து சட்டை மடிக்க வேண்டும். மைக் பிடித்த கைக்குச் சட்டை மடிப்பதை நினைத்தாலே அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை அவன் ஒரு யுக்தி கண்டுபிடித்தான். தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு கூவினால் வெளியே கேட்காதாம். கூவினான். டிரம் அந்தச் சத்தத்தை வாங்கி நாலு மடங்காக்கி ஜன்னல் வழியே அனுப்பி வைத்தது. சந்துக்குள் ஏதோ தொப்பென்று விழும் சத்தம் கேட்டது.

பாலு டிரம்மிலிருந்து தலையை உருவினான். சட்டைகூடப் போடாமல் கீழே ஓடி, சந்தின் இரும்புக் கதவைத் திறந்து, பக்கவாட்டில் நுழைந்தான். குப்பை மேல் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. பஞ்சு உடம்பு, இரண்டாக வெட்டின ஆப்பிள் மாதிரி முகம். அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினான். திரும்ப முடியவில்லை. இரண்டு பைப்புகளுக்கு நடுவே தொப்பை மாட்டிக்கொண்டது.

கத்தினால் யாராவது வருவார்கள். கத்தினால் மேலே இருக்கும் இரண்டும் குதிக்கும்.

"காப்பாத்துங்க," என்று கிசுகிசுத்தான் பாலு. "யாராச்சும் வாங்க."

ரங்கநாதன் தெருவில் அவன் கூவினால் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். இங்கே ஒரு மணி நேரமாகியும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் குஞ்சு அவன் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் குப்பை அள்ள வந்த வாட்ச்மேன் கபாலிதான் பார்த்தான்.

"இன்னாண்ணே, இங்க குந்திகினு கீற?"

"ஷ்ஷ்ஷ்," என்றான் பாலு.

தேங்காய் எண்ணெய் ஊற்றி அவனை உருவினார்கள். அஃப்ரா வந்து குஞ்சைச் சோதித்து, அடி எதுவும் இல்லை என்று பொந்திலேயே வைத்தாள். "மனுஷன் தொட்டா அம்மா ஒதுக்கிடாதா?" என்று பாலு கேட்டபோது அவன் குரல் உடைந்துவிட்டது. "அதெல்லாம் ஒதுக்காது சார், சாயங்காலம் எலியோட வந்துடும் பாருங்க," என்று அவள் தட்டிக்கொடுத்தாள்.

அன்றோடு பாலு வேறு ஆளாகிவிட்டான். வீட்டில் குக்கர் விசில் கிடையாது, மிக்ஸி கிடையாது, டிவிக்குச் சத்தம் கிடையாது. ரத்னாவிடம் உப்பு கேட்பதென்றால்கூட விரலைக் காட்டினான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல்முறையாக அவள் ஒரு வாக்கியத்தை நடுவில் யாரும் குறுக்கிடாமல் பேசி முடித்தாள். முடித்துவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள்.

வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் கெஞ்சினான். இரண்டாம் மாடி பரத்வாஜ், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். கம்ப்யூட்டர் கம்பெனியில் ராத்திரி வேலை முடித்து விடிகாலையில்தான் வந்து படுப்பவர்.

"சார், கொஞ்ச நாளைக்கு யாரும் சத்தம் போடாம..."

"தாராளமா!" என்று பரத்வாஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீங்க காலம்பற கத்தாம இருந்தேள்னா போறும், நம்மாத்துல எல்லாருமே கால் நுனியில நடந்துண்டிருப்போம். ஆந்தை சார் முக்கியம்!"

இத்தனை நல்ல மனுஷங்களை இத்தனை வருஷமாகக் கவனிக்காமல் விட்டோமே என்று பாலு உருகிப் போனான்.

அப்புறம் மார்கழி பிறந்தது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் நாலரை மணிக்கு ஒலிபெருக்கி. பாலு போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். "நீயா? நீ சொல்றியா?" என்று கோயில் கமிட்டிக்காரர்கள் சிரித்த சிரிப்பு அந்த ஒலிபெருக்கியையே அமுக்கிவிட்டது.

பயிற்சிக்காக சாந்தோம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தான். அலையைப் பார்த்து "வாங்கம்மா வாங்க!" என்று கையை ஆட்டினான். யாரோ முழுகுகிறார்கள் என்று நாலு மீனவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். யாரும் முழுகவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து பாலுவை முழுகடிக்கப் பார்த்தார்கள். அதோடு கடற்கரையும் போயிற்று.

அஞ்சு வாரம் முடிந்தது. "பறந்துச்சா?" என்று ரத்னாவிடம் சைகையில் கேட்டான். கடையிலிருந்து அவன் திரும்பவே ராத்திரி பதினொன்றாகிவிடும், பறவை வருவதும் போவதும் அவன் கண்ணில் பட வழியில்லை.

"அஃப்ராவுக்கு போன் போட்டேன்," என்றாள் ரத்னா, புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு. "மழையில வளர்த்தி கம்மியாம். பொங்கல் வரைக்கும் ஆவுமாம்."

"பாவம்," என்று வாயசைத்தான் பாலு. பாத்ரூமில் லேசாகக் கனைத்துப் பார்த்தான். "ஷ்ஷ்ஷ்" என்று வந்தது. பசங்க நல்லாத்தான் இருக்காங்க என்று நிம்மதியானான்.

ஆனால் கிசுகிசுத்துக் கிசுகிசுத்து அந்தப் பழக்கம் கடை வரைக்கும் கூடவே வந்துவிட்டது. மைக்கைப் பிடித்தால் "வாங்கம்மா..." என்று ரகசியம்தான் வந்தது. இரண்டு பெண்கள் போலீசைக் கூப்பிடுவோம் என்றார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

"பாலு, நாளைக்குப் பத்து மணிக்கு வா. ஒரு தடவ கூவிக் காட்டு. கொரல் வந்தா ஸ்டூல் உனக்கு. இல்லன்னா மிஷினுக்கு."

மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவன் ஒன்பதுக்கும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் கத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பாத்ரூம் வாசல் வரை போனான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். "போனாப் போவுது, சட்ட மடிக்கலாம். மூணு உசுரு பொழைக்கட்டும்," என்று முணுமுணுத்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் ஜன்னல் வழியே ஒரு கால் தெரிந்தது. பக்கெட்டில் ஏறி எட்டிப் பார்த்தான். சந்துக்குள் ஒரு பெயிண்டர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். பொங்கல் வெள்ளையடிப்பு. அவன் கையிலிருந்த நீண்ட தூரிகை நேராக அந்தப் பொந்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

பாலு கையை ஆட்டினான். பெயிண்டர் காதில் பாட்டு மாட்டியிருந்தான். பாலு விசிலடிக்க நினைத்தான், காற்றுதான் வந்தது. தூரிகை இன்னும் ஓரடி போயிற்று.

"டேய்ய்ய்ய்ய்! நிறுத்துடாஆஆ!"

ஏழு வாரம் ஓய்வெடுத்த தொண்டை. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு கத்தலை பாலு கத்தியதில்லை. பெயிண்ட் டப்பா நாலு மாடி இறங்கிப் போய் விழுந்தது. தெருவில் ஒரு ஆட்டோ பிரேக் போட்டது.

கத்தி முடித்ததும்தான் தான் செய்தது பாலுவுக்கு உறைத்தது. பனியனோடு மொட்டை மாடிக்கு ஓடினான். அங்கே அஃப்ரா ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ரத்னா, பரத்வாஜ், கபாலி. அவனைப் பார்த்ததும் அந்த மூவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"நானே கொன்னுட்டேன்!" என்று பாலு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஏழு வாரம் பொத்திப் பொத்தி வளத்துட்டு, ஒரே கத்துல நானே கொன்னுட்டேனே!"

அஃப்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு சார் அழறீங்க? மூணும் கிறிஸ்துமஸ் அன்னிக்கே பறந்துடுச்சே! அடுத்த வருஷக் குஞ்சுங்களுக்குத்தான் இந்தப் பெட்டி. ரத்னா அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேனே?"

பாலு அழுகையை நிறுத்தினான். "பொய் சொல்லாதம்மா. இன்னிக்குக் காத்தால கூட நான் லேசா இருமுனேன். 'ஷ்ஷ்ஷ்'னு கத்துச்சு. என் காதால கேட்டேன்!"

அஃப்ரா ரத்னாவைப் பார்த்தாள். ரத்னா பரத்வாஜைப் பார்த்தாள். பரத்வாஜ் தண்ணீர் டேங்கை வெகு கவனமாகப் பார்த்தார்.

கபாலி மட்டும் இரண்டு கையையும் தூக்கினான்.

"என்ன பாக்காதண்ணே! இன்னிக்கு திங்கக்கெயம, அது பரத்வாஜ் சார் டூட்டி. செவ்வாயும் வெள்ளியும் மட்டுந்தான் நானு."