மேபலுக்கு ஒரு மூளை

நுரை காய மறுத்தது. பள்ளி ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில், ஆகஸ்ட் மாதக் குளிரில் அவசரமாகக் காய வேண்டும் என்று அதற்கென்ன தலையெழுத்தா?

"மூளை கேட்டா ஆட்டுக்குட்டி வந்திருக்கு," என்று லாக்லன் முனகினான். எதிரே அவனுடைய சைக்கிள் ஹெல்மெட். அதன் மேல் வெள்ளை நுரை. கூரை வேலைக்காரனான அவனிடம், சந்து அடைக்கும் நுரை டப்பாவைத் தவிர வேஷம் செய்ய வேறு பொருள் கிடையாது.

"உன் ஹெல்மெட்டைக் கேட்டா என்னோடதை ஏன் எடுத்துட்டு வந்தே?"

"என்னோடது சின்னதுப்பா," என்றாள் ஆறு வயது மேபல். பள்ளிச் சீருடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மாதமாக அவள் வகுப்பில் ஒரே படக்கதைதான்: கொழகொழ மூளையார். தலைக்குள் இருட்டறையில் கண்ணாடி போட்டு உட்கார்ந்து கைகால்களை விரட்டுவார். காது சொல்வதை மட்டும் கேட்கவே மாட்டார். அன்றிலிருந்து வீட்டில் பால் கொட்டினால்கூட, "நான் கொட்டலப்பா. மூளையார் அசந்துட்டார்."

பிள்ளைகள் கதைப் பாத்திரங்களாக வேஷம் போட்டு வரும் புத்தக வார ஊர்வலத்தைப் போன வருடம் லாக்லன் மறந்தே போனான். ராணிகளுக்கும் முதலைகளுக்கும் நடுவே மேபல் மட்டும் ஸ்வெட்டரில் நின்று அழுதாள். இன்று காலை மருத்துவமனை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி டெஸ் சொன்னது இதுதான்: "இந்தத் தடவையும் அவ அழுதா, நீ கூரையிலயே குடியிருந்துக்கோ."

"அப்பா, அதை நான் போட..."

"போட்டுத்தான் ஆகணும் கண்ணு!"

"மிஸ் என்ன சொன்னாங்கன்னா..."

"மிஸ்ஸா வந்து நுரையைக் காய வைக்கப்போறாங்க? ஹேர் டிரையரை எடுத்துட்டு வா!"

மேபல் பெருமூச்சு விட்டாள். "மூளையார் சூடாயிட்டார். நிதானமா மூச்சு விடுங்கப்பா."

சூடு பட்டதும் நுரை பொங்கியது. பொங்கியதைக் கத்தியால் செதுக்கினான். பாதி மூளை கழன்று விழுந்தது. விழுந்ததை நாய் கவ்விக்கொண்டு ஓடியது. ஓட்டையை அடைக்க இன்னும் கொஞ்சம் நுரை. மேலே பூச வீட்டில் இருந்தது கூரைக்கு அடிக்கும் சிவப்பு மட்டும். பூசி முடித்ததும் மூளை கசாப்புக் கடையில் தொங்குவதுபோல் இருந்தது.

"நிக்குதான்னு பார்ப்போம்," என்று தன் தலையில் மாட்டி, பட்டையைப் பூட்டினான்.

நின்றது. கழற்றப் பார்த்தபோதும் நின்றது. உள்பக்கம் காயாத நுரை முடியைப் பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் போனது வெள்ளமல்ல, நுரை.

அலறல் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருமதி பாப்படாகிஸ் புட்டியோடு வந்தாள். "தம்பி, ஆலிவ் எண்ணெய்க்கு மசியாதது உலகத்துல எதுவும் இல்ல."

சிவப்புச் சாயம் மசிந்தது. அவன் நெற்றி, கண், மூக்கு வழியாக இறங்கியது. ஹெல்மெட் மசியவில்லை.

மேபல் கைதட்டினாள். "சூப்பர்ப்பா! வாங்க, போலாம்!" ஓடிப்போய் ஷூவை மாட்டினாள்.

"எப்படிடி போறது? உன் மூளை என் தலைல இருக்கு!"

"அங்கதானே இருக்கணும்?"

காருக்குள் தலை நுழையவில்லை. ஜன்னலுக்கு வெளியே அதை நீட்டியபடியே அவன் ஓட்டினான். பனிக்காற்றில் எண்ணெய் கண்ணில் எரிந்தது. சாலையைத் தவிர அவன் எதையும் பார்க்கவில்லை. பள்ளி வாசலில் இறங்கும்போது அதுவும் மங்கல்தான். மேபல் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஆசிரியை மிஸ் கோவால்ஸ்கியின் குரல் கேட்ட பக்கம் திரும்பி, மூச்சு வாங்கப் பேசினான்.

"மிஸ், தப்பு என்னோடதுதான். வேஷம் என் தலையோட ஒட்டிக்கிச்சு. பிள்ளை இந்த வருஷமும் வெறுமனே வந்து நிக்கறா. எப்படியாவது அவளை ஊர்வலத்துல..."

"அவளுக்கு எதுக்கு வேஷம், மூளையாரே? இந்த வருஷம் அப்பா அம்மாதான் வேஷம் போடணும். 'எங்கப்பாகிட்ட எத்தனை தடவை சொன்னாலும் காதுல ஏறல மிஸ்'னு நேத்து முழுக்க அழுதவளே இவதான்!"