தொட்டிக்குள் நடந்த அடிதடி பற்றி மாப்பிள்ளைக்கு

மஸ்கெலியா,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை கஜேந்திரன் அவர்களுக்கு மாமனார் வீரய்யா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் குளிருக்குப் பழகிய சுகத்தோடு இருக்கிறோம். கொழும்பில் தாங்களும் மகள் தனுஷிகாவும் வெயிலுக்குப் பழகிய சுகத்தோடு இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் யோசிக்கலாம். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் கேட்க முடியாது.

கொழும்பு வீட்டில் மீன் வளர்க்க அனுமதி இல்லை என்று தாங்கள் நான்கடித் தொட்டியோடு என்னிடம் ஒப்படைத்துப் போன ஒஸ்கார் மீன் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியதற்குக் கருப்பன் என்றும் சின்னதற்கு ராசாத்தி என்றும் உங்கள் அத்தை பெயர் வைத்திருக்கிறாள். மூன்று மாதம் இரண்டும் லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருக்கிறவர்கள் மாதிரி ஒற்றுமையாகத்தான் இருந்தன. போன மாதம் அத்தை தொட்டியில் இருந்த கல்லையெல்லாம் எடுத்துத் தேய்த்துக் கழுவி, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இடம் மாற்றி அடுக்கினாள். மறுநாள் காலையில பார்த்தா ராசாத்திக்கு வால் கிழிஞ்சு, விலாவுல செதில் பெயர்ந்து, ஒரு கண்ணு பால் மாதிரி வெளுத்துப்போய் மூலையில கிடக்குறா. கருப்பன் நடுத்தொட்டியில நின்னு என்னையே பாக்குறான்.

முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்துல ஆளுங்களை மேய்க்கிற கண்டாக்கா இருந்து எத்தனையோ லயத்துச் சண்டையை விலக்கி விட்டவன் நான். ரெண்டு பக்கத்தையும் பேசவிட்டுக் கேக்குறதுதான் முறை. இங்க ரெண்டு பக்கமும் பேசாது. அதனால தொட்டி முன்னால ஸ்டூலைப் போட்டு உக்காந்து, இவன் எதுக்கு அடிக்கிறான்னு பாக்க ஆரம்பிச்சேன். பசியோன்னு தீனியைக் கூடப் போட்டேன், அதைத் துப்பிட்டுப் போய் அடிச்சான், மிஞ்சின தீனியால தண்ணிதான் கலங்குச்சு. அடிக்கிறதுக்கு முன்னால அவன் நிறம் கறுக்குது மாப்பிள்ளை, செவுளு குடை மாதிரி விரியுது. ராசாத்தி எங்க போனாலும் விட்டுடுறான், அந்தத் தட்டைக் கல்லு பக்கம் போனா மட்டும் விடமாட்டேங்கிறான். தொட்டிக் கண்ணாடியில அவன் உருவமே தெரிஞ்சாலும் அதையும் போய் முட்டுறான். இதெல்லாம் பாக்கப் பாக்க எனக்குச் சோறு தண்ணி மறந்துபோச்சு. அத்தை மஞ்சளை அரைச்சு ராசாத்திக்குப் பூசுறேன்னு கிளம்பினா. அவளைத் தடுத்து நிறுத்திட்டு, ஹட்டன்ல வளர்ப்பு மீன் கடை வச்சிருக்கிற பாவாகிட்ட பஸ் ஏறிப் போனேன்.

"மருந்தெல்லாம் பொறவு பாப்போம் ஐயா. மொதல்ல ரெண்டையும் பிரிங்க, தண்ணியச் சுத்தமா வைங்க, சூடு கொறையாமப் பாத்துக்கங்க. நம்ம ஊரு குளிருல மீனுக்குக் காயம் லேசுல ஆறாது"ன்னு சொல்லி, தொட்டிக்குக் குறுக்கே வைக்க ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டியும் குடுத்தாரு. அதை இறக்கும்போது கருப்பன் என் ஆள்காட்டி விரலைக் கவ்விட்டான். ரத்தம். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனா, அங்க மருந்து கட்டுற ஜீவராணி மிஸ்ஸி, "என்னய்யா கடிச்சுச்சு?"ன்னு கேட்டுச்சு. மீன்னேன்.

"முள்ளு குத்திருச்சா?"

"இல்லம்மா, கடிச்சுச்சு."

"சமைக்கும்போதா?"

"இல்லம்மா, சமாதானம் பண்ணும்போது."

அது பேனாவைக் கீழ வச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, அதை நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.

அப்புறம் தினம் கொஞ்சம் தண்ணிய எடுத்துட்டு, சுடுதண்ணி கலந்து பதம் பாத்து ஊத்தினோம். ராசாத்தி நாலு நாள் ஒண்ணுமே திங்கல. செத்துப்போனா உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு எனக்கும் சோறு இறங்கல. அஞ்சாம் நாள் ஒரு உருண்டை தின்னா. பன்னிரண்டாம் நாள் கண்ணு தெளிஞ்சு, கிழிஞ்ச வாலோரத்துல வெள்ளையா புதுத்தோல் வந்திருக்கு. துணி தன்னைத்தானே தைச்சுக்கிட்ட மாதிரி! நான் அழுதுட்டேன், மகள்கிட்ட சொல்லாதீங்க.

சரி, ஆறிப்போச்சேன்னு நேத்து தட்டியை எடுத்தேன். எடுத்ததும் ரெண்டும் வாயோட வாய் கவ்விக்கிட்டு இழுக்குது, தள்ளுது, தண்ணி மேசையெல்லாம் கொட்டுது. அத்தை விளக்குமாத்தோட ஓடியாந்துட்டா. மறுபடி தட்டியைப் போட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, ஒரு மீனைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பாவாவின் கடையில் பெரிய தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. கருப்பனைத்தான் கொடுக்க வேண்டும். அடித்தவனை வீட்டில் வைத்துக்கொண்டு அடிபட்டவளை அனுப்புகிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. தாங்கள் ஆசையாக வளர்த்தது என்பதால் சம்மதம் கேட்கிறேன். அடுத்த வாரத்துக்குள் பதில் போடவும்.

தாங்களும் மகளும் தண்ணீர் கலங்காமல், சூடு குறையாமல், ஒருவருக்கொருவர் இடம் விட்டு நெடுங்காலம் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
வீரய்யா
(ஓய்வுபெற்ற கண்டாக்கு)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை கத்தினா. ஓடிப்போய்ப் பாத்தா தட்டி சாஞ்சு கிடக்கு, ரெண்டும் ஒரே பக்கம், தட்டைக் கல்லு பூரா ஜவ்வரிசி கொட்டின மாதிரி முட்டை. பாவாவுக்குப் போன் போட்டேன். வாயைக் கவ்வினது சண்டை இல்லையாம், ஜோடி சேருற பேச்சுவார்த்தையாம், விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. முட்டை போட்டது கருப்பன். இன்னமும் போட்டுக்கிட்டு இருக்கான். அதாவது, இருக்கா. ராசாத்தி, அதாவது அவரு, செட்டையால விசிறிக்கிட்டுப் பின்னாலயே போறாரு. அதனால மேல எழுதினதுல ரெண்டும் உயிரோட இருக்குங்கிறதைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். நாலு பக்கம் எழுதினதைக் கிழிக்க மனசு வராம அப்படியே அனுப்புறேன். ரெண்டும் இப்ப தோளோட தோள் நின்னு, செவுளை விரிச்சு, என்னைத்தான் விரட்டுதுங்க.