சம்பந்தியின் மடலும் மயங்கி விழும் சர்வரும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே சர்வரைத் தவிர அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாளும், எங்கள் மகளும் மாப்பிள்ளையும் அங்கே நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற பின் ஓர் அச்சகத்தில் மின்னஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது தாங்கள் அறிந்ததே. திங்கட்கிழமை காலை அது விழுந்தது. எழுப்பினேன். எழுந்து, சற்று யோசித்து, மறுபடி விழுந்தது. முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்: கேபிள் சரி, டிஸ்க்கில் இடம் உண்டு, எலி கடித்த தடயம் இல்லை. பிறகுதான் வரிசையில் முதலாவதாக நின்ற மடலைக் கவனித்தேன். தங்களுடையது. தங்கள் தம்பி மகன் சொந்தமாகச் செய்துகொடுத்த மென்பொருளில் எழுதியது. மடலைத் திறக்கும் சிரமம்கூட உறவினருக்கு வேண்டாம் என்ற பெருந்தன்மையில், முழுவதையும் தலைப்புக் கட்டத்திலேயே ஒரே வரியாக எழுதியிருக்கிறீர்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'நேற்று சாயங்காலம்' என்றிருக்கிறது. எங்கள் சர்வர் வயதானது. அவ்வளவு நீள வரியை மூச்சுவிடாமல் படித்து மயங்கி விழுகிறது; எழுந்ததும் கடமை தவறாமல் அதையே முதலிலிருந்து படிக்கிறது. பின்னால் அச்சகத்துக்கு வந்த மடல்கள் எல்லாம் கால் கடுக்க நிற்கின்றன.

மேலாளர் அம்மா வந்து நின்றார். "சார், பாடப்புத்தகப் பக்கமெல்லாம் மெயில்ல வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாகணும். வரலைன்னா, நீங்க வீட்லயே நிம்மதியா ஓய்வெடுங்க."

பக்கத்து மேசையில் அட்டைப்படம் வரைகிற பெண் சிரித்தாள். "அந்த ஒரு மெயிலைத் தூக்கிப் போடுங்க பெரியவரே, எல்லாம் ஓடும்."

"அது எங்க சம்பந்தி எழுதினதும்மா."

"அதுக்கென்ன? சம்பந்தியையா தூக்கிப் போடச் சொன்னேன்?"

அழிக்கக் கை வரவில்லை. எடுத்து ஓரமாக வைக்கலாம்தான். சம்பந்தியை ஓரங்கட்டினார் என்று பேச்சு வந்தால்? தங்களிடமே கேட்டுவிட நேற்று தொலைபேசினேன். தங்கள் குரல் கேட்டதும் அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆகவே இதைத் தாளில் எழுதி ஆள்மூலம் கொடுத்தனுப்புகிறேன். 'அழித்துக்கொள்ளும்' என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் என் வேலை பிழைக்கும். இனி தலைப்பைச் சிறிதாக எழுதினால் சர்வரும் பிழைக்கும்.

பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசிகள், இரண்டிலும் சேராதவர்களுக்கு அன்பு.

தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: என் மனைவி இதைப் படித்துவிட்டாள். "இதை அனுப்பிட்டு, நம்ம பொண்ணு வீட்டுப் பக்கம் எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவீங்க? வேலைதானே, போனாப் போகுது!" என்றாள். ஆகவே மேலே எழுதியதைத் தாங்கள் படிக்கவே வேண்டாம். வேலையை விட்டுவிட்டேன். என் இடத்தை மேலாளர் அம்மாவே எடுத்துக்கொண்டு, முதல் வேலையாகத் தங்கள் மடலை அழித்துவிட்டார். எனக்கு மிகுந்த வருத்தம். அதைத் தயவுசெய்து திரும்ப அனுப்புங்கள். முகவரியை மாற்ற வேண்டாம், அதே அச்சக முகவரிதான். இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதினாலும் பாதகமில்லை.