கரும்பைக் கடித்த மன்னர்

இந்தக் கதை எனக்கு முழுதாக நினைவில் இல்லை. நாட்டின் பெயர் இளநகை நாடு என்றுதான் நினைக்கிறேன். மன்னர் தவளமுத்தர் அந்தப் பெயரில் இரண்டாமவரா மூன்றாமவரா என்பதில் சந்தேகம் உண்டு. இடையில் சிலதை நானே இட்டு நிரப்பியிருக்கவும் கூடும். ஆனால் அரியணையில் ஒரு கரும்பு உட்கார்ந்திருப்பதை நான் கற்பனை செய்யவில்லை.

அந்த நாட்டில் வாக்குப் போடுவது கடித்துத்தான். விரல் மையை அழித்துவிட்டு மறுபடி வந்து நிற்பவர்கள் பெருகியதால், அழிக்க முடியாத அடையாளம் பல்வரிசையே என்று முன்னோர் முடிவு செய்திருந்தார்கள். சாவடியில் ஆளுக்கு இரண்டு மெழுகுக் கட்டிகள் தருவார்கள். மகுடம் பொறித்த மஞ்சள் கட்டியைக் கடித்தால் அரசு தரும் பற்பசையே எல்லாருக்கும். வெற்று வெள்ளைக் கட்டியைக் கடித்தால் அவரவர் பல்லுக்கு அவரவர் பற்பசை. ஒரு தாடைக்கு ஒரு வாக்கு. ஒரே பல்வரிசை பல கட்டிகளில் தெரிந்தால் முதல் கடி மட்டுமே செல்லும்.

கடைவீதியில் மோர் விற்ற அல்லியம்மை ஒரு தேர்தலில் வெள்ளையைத்தான் கடித்தாள். மஞ்சள் வென்றது. மறுநாளே எல்லா வீட்டுக்கும் அரசுப் பற்பசை வந்து சேர்ந்தது. வாயில் வைத்தால் நறநறவென்று ஆற்றுமணல் போல இருந்தது. மன்னர் ஓர் ஆண்டு தம் பற்களிலேயே தேய்த்துப் பார்த்ததாகவும், வலியோ கூச்சமோ துளி ரத்தமோ இல்லை என்றும், பளபளப்பு மட்டும் கூடியது என்றும் முரசறைந்தார்கள்.

அல்லியம்மைக்கு ஒரு மாதத்தில் பல் கூச ஆரம்பித்தது. தன் பானை மோரைத் தானே குடிக்க முடியவில்லை. விற்கிறவளே குடிக்காத மோரை யார் வாங்குவார்கள்? அவள் பல்துலக்கல் துறை அமைச்சர் வச்சிரவாகுவைப் போய்ப் பார்த்தாள்.

"மோர் பட்டாலே பல்லு கூசுதுங்க ஐயா. கூச்சத்துக்குன்னு ஒரு பேஸ்ட் இருந்தா குடுங்க."

அமைச்சர் வருத்தத்துடன் கண்களை மூடினார். "உனக்கொன்று, உன் அண்டை வீட்டுக்காரனுக்கு வேறொன்று என்றால் நாடு எப்படியம்மா ஒரே வாயாகப் பேசும்?"

"வாய் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டுங்க. பல்லு அவங்கவங்களுதுதானே."

அவர் நெடுநேரம் யோசித்தார். குறை நியாயமானது என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் ஆணை வந்தது: குடிமக்களின் பற்களைத் தாக்கி வரும் மோர், இனிமேல் கொதிக்கவைத்தே விற்கப்பட வேண்டும்.

கொதித்த மோர் திரிந்து போயிற்று. அல்லியம்மை அந்தத் திரிந்த வெந்நீரைத்தான் கூவி விற்றாள்.

அவளுக்கு அடுத்த வீட்டில் கூடை முடைகிற பெருந்தேவன் இருந்தார். அவருக்கு ஈறில் ரத்தம். வெள்ளை நுரை சிவப்பாகிறது என்று அவர் முறையிட்டதும் அரசு உடனே செயல்பட்டது. பற்பசையைச் சிவப்பாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் ரத்தம் தெரியவில்லை. ஈறுநோய் ஒழிந்த நாளை மூன்று தெருக்களில் மேளம் வைத்துக் கொண்டாடினார்கள்.

பற்கள் ஆடத் தொடங்கின. குறை சொல்ல வருகிறவர் குறையுள்ள பல்லைக் காட்ட வேண்டும் என்றது அடுத்த ஆணை. பல் விழுந்தவரிடம் காட்ட ஒன்றும் இல்லாததால் குறைகள் வேகமாகக் குறைந்தன.

தேர்தல் நெருங்கியபோது நாட்டில் பெரும்பாலும் பொக்கைவாய்தான். அரண்மனை மனமிரங்கி எல்லாருக்கும் இலவசப் பல்செட் அறிவித்தது. முன்பல் ஒவ்வொன்றிலும் மன்னரின் படம். மிச்சமிருக்கும் சொந்தப் பற்களைப் பிடுங்கி ஒப்படைத்தால் மட்டுமே செட் கிடைக்கும். அல்லியம்மையைத் தவிர எல்லாரும் ஒப்படைத்தார்கள்.

அல்லியம்மைக்கு மிச்சம் ஒரே ஒரு கடைவாய்ப்பல். அதுவும் காற்றுப் பட்டால் உச்சந்தலை வரை கூசும். பெருந்தேவன் புதுப் பல்லோடு வந்து வாசலில் நின்று சிரித்தார். நான்கு மன்னர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒத்தப் பல்ல வச்சிக்கிட்டு எந்த மலையக் கடிக்கப் போற? புடுங்கிக் குடுத்துட்டு வாங்கிக்க, அல்லி. ஓசிதானே."

"கூசுற வரைக்கும் அது என் பல்லுண்ணே. உங்களுது கூசுதா?"

பெருந்தேவன் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தேர்தலன்று விடியலில் மன்னர் முதல் ஆளாக வந்து மஞ்சளைக் கடித்தார். பிறகு ஊரே வரிசையில் நின்று கடித்தது. அல்லியம்மை கண்ணில் நீர் முட்ட, அந்த ஒற்றைப் பல்லை வெள்ளைக் கட்டியில் அழுத்தினாள்.

எண்ணிக்கையில்தான் சிக்கல் தெரிந்தது. கடிபட்டவற்றில் வெள்ளைக் கட்டிகளே மலையாகக் குவிந்திருந்தன. ஆனால் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே பல்வரிசை. இலவசப் பற்களை ஒரே அச்சில் வார்த்திருந்தார்கள், அச்சு மன்னருடையது. அமைச்சர் சட்டத்தைப் படித்துக் காட்டினார். ஒரு தாடை, ஒரு வாக்கு, முதல் கடி. முதல் கடி மன்னருடையது, மஞ்சள். மற்றவை செல்லாது. மன்னரின் தாடையால் பலமுறை வாக்களித்த குற்றத்துக்காக மன்னர் நாட்டை மன்னித்தார்.

ஆக, மஞ்சளுக்கு ஒன்று. வெள்ளைக்கு ஒன்று, அல்லியம்மையின் பல்.

வாக்குகள் சமமானால் இரு தரப்பும் மக்கள் முன்னால் கரும்பு கடிக்க வேண்டும். தோலை உரிப்பவருக்கு வெற்றி. அல்லியம்மை கடைவாயில் கரும்பைக் கொடுத்து இழுத்தாள். உயிர் போய் வந்தது. நகத்தளவு தோல் உரிந்து வந்தது. அடுத்து மன்னர் கம்பீரமாகக் கடித்து இழுத்தார். கரும்பு வெளியே வந்தது. பற்களும் அதோடு வந்தன, மேலும் கீழுமாக முழுச் செட்.

 முதலில் கூட்டத்தில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எல்லாருக்கும் வந்தது. சிரித்தவர்களின் பல்செட்டுகள் மடமடவென்று தரையில் விழுந்தன. மன்னர் ஏதோ சொன்னார், காற்றுதான் வந்தது.

வச்சிரவாகு மட்டும் சிரிக்கவில்லை. பற்கள் பதிந்த கரும்பைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

"பாருங்கள். மன்னர் விட்டாலும் மன்னரின் பிடி விடவில்லை. இத்தகைய உறுதியை இந்நாடு கண்டதுண்டா?"

"நான் உரிச்சிட்டேங்க," என்று அல்லியம்மை நகத்தளவு தோலை நீட்டிக் காட்டினாள். அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. தட்டியவர்களில் பாதிப் பேர் குனிந்து தங்கள் பற்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கரும்பைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோனார்கள். பின்னால் நடந்து வந்த பொக்கைவாய்க் கிழவரைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த காவலர்கள், அரண்மனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கரும்பு இன்றும் ஆள்கிறது. காய்ந்துவிட்டது, ஆனால் பற்கள் பளபளக்கின்றன. நாள்தோறும் சிவப்புப் பற்பசையால் அவற்றைத் துலக்குகிறார்கள். வச்சிரவாகு இன்றும் அமைச்சர். பெருந்தேவன் கஞ்சி குடிக்கிறார். செட்டைத் தேர்தலுக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார். முன்னாள் மன்னர் சாயங்காலங்களில் அல்லியம்மையிடம் வந்து ஒரு குவளை சுடுமோர் வாங்கிக் குடிக்கிறார். அல்லியம்மையின் பல் இருந்த இடத்தில் இருக்கிறது. கூசுகிறது. அதற்கான பேஸ்ட் இன்னும் வரவில்லை.