மகளின் பட்டத்துக்கு நான் போட்ட டைம் டேபிள்

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் வீட்டாரும் சுகம்தானே. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு இடத்தில் உட்காரத்தான் முடியவில்லை. என் மகள் இந்த வருடம் பொருளாதாரப் பட்டம் வாங்க மாட்டாள் போலிருக்கிறது. தாய்மாமன் நீ சொன்னால்தான் கேட்பாள், அதனால் இதை முழுவதும் படி.

பஸ் டிப்போவில் காலமெல்லாம் டைம் டேபிள் போட்டு ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்று பெயர்தான். போன வாரம் கை சும்மா இருக்காமல், அந்தப் பட்டத்துக்கு என்னென்ன பாடம் தேற வேண்டும் என்று அவள் கல்லூரி இணையதளத்தில் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. கடைசி வருடப் பாடம் ஒன்றுக்குப் புள்ளியியல் தேறியிருக்க வேண்டுமாம், புள்ளியியலுக்கு இரண்டாம் கணிதம் தேறியிருக்க வேண்டுமாம், அந்தக் கணிதமோ பேரியல் பொருளாதார வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் நடக்கிறது. இரண்டு வண்டியும் ஒரே நேரத்துக்குக் கிளம்பினால் பயணி எதில் ஏறுவாள்? இந்த லட்சணத்தில் இந்த செமஸ்டருக்கு அவள் எடுத்திருப்பது ஒரே ஒரு பாடம், மண்பானை செய்வது. துறைக்கு வெளியே ஒரு பாடம் படித்தாக வேண்டும் என்று விதியாம். இருக்கட்டும், அதற்காகப் பானையா?

கலர் பென்சிலை எடுத்து மொத்தத் துறைக்கும் புது டைம் டேபிள் போட்டு, கல்லூரிக்கே போய்விட்டேன். அலுவலக அம்மாள், "ஸ்டூடன்ட் வந்து கேக்கட்டும் சார்" என்றார். நான் நகரவில்லை. மாடிப்படியில் துறைத்தலைவரை மடக்கித் தாளை நீட்டினேன். மனுஷர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு சார், ஆனா காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் நான் நிக்காம பாடம் நடத்தணுமே" என்றார். "மாத்து டிரைவர் இல்லையா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்று சிரித்த பிள்ளைகளில் ஒருத்தி என் மகளின் அறைத்தோழி.

அன்றிலிருந்து மகள் என் போனை எடுப்பதில்லை. உன் அக்காவிடம் சொன்னால், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்கிறாள். இல்லைதான், அதுதானே கஷ்டம். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். கூடப் படித்ததுகள் எல்லாம் வேலைக்குப் போய்விடும், என் பிள்ளை மட்டும் பானையும் கையுமாக நிற்கும். இன்றைக்கே போன் போட்டு, பானையை விட்டுவிட்டுக் கணக்கை எடுக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். எல்லாரும் நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்கு எழுந்து, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகளே கூப்பிட்டுவிட்டாள். நான் பார்த்தது இந்த வருடம் சேர்ந்தவர்களுக்கான விதியாம், அவளுக்குப் பழைய விதி. கணக்கும் புள்ளியியலும் எப்போதோ தேறிவிட்டாள். போன செமஸ்டரோடு பட்டமே வாங்கியிருக்கலாம், அந்த வெளிப்பாடத்தை மட்டும் வேண்டுமென்றே தள்ளிப்போட்டிருக்கிறாள். "ஏம்மா?" என்றேன். "முடிச்சா வீட்டுக்கு வரணுமேப்பா, அங்க நீங்க ரிட்டயராகி உக்காந்திருக்கீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் சுருக்கென்றது. பிள்ளை நிம்மதியாக வீடு வந்து சேரட்டும். அவள் வருகிறபோது நான் ஒரு மாதம் உன் வீட்டில் வந்து இருக்கிறேன். அங்கே யார் யார் எப்போது குளிக்கிறீர்கள் என்று மட்டும் உடனே எழுதி அனுப்பு.