மாமியாரும் காற்றடித்த தரையும்

இரண்டு பொருளைக் காட்டினால் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவேன். மூன்றாவதாக ஒன்றைக் காட்டினால் எதையும் எடுக்கத் தெரியாது. இதைக் கல்யாணத்துக்கு முன்பே மாமியார் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்னவாசல் பக்கம் அவர்களுடைய வயல் கண்மாய்க்கு அக்கரையில் இருக்கிறது. மழையில் கண்மாய் நிரம்பினால் ஊரையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். கத்தாரில் வேலை பார்க்கும் மச்சான் (மனைவியின் அண்ணன்) போனில் இதற்கு ஒரு வழி சொன்னார். "காத்தடிக்கிற போட் ஒண்ணு ஆர்டர் போட்டுருங்க மாப்ள. எது நல்லதுன்னு நீங்களே பாருங்க. படிச்சவுக."

படகின் அளவும் நிறமும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. தரையில்தான் மாட்டிக்கொண்டேன். மூன்று வகை இருந்தது. வெறும் ரப்பர் விரிப்பு ஒன்று. பலகை பொருத்தியது இன்னொன்று. உறுதிதான், ஆனால் கனம். மூன்றாவதில் தரைக்கும் தனியாகக் காற்றடிக்க வேண்டும். சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

பலகையின் முனை ரப்பரைக் கிழித்துவிட்டால்? காற்றுத் தரையில் கருவேல முள் ஏறினால்? எனக்கும் நீச்சல் தெரியாது, அத்தைக்கும் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தெரியாது. பல் தேய்க்கும்போதும் சோறு பிசையும்போதும் நெஞ்சுக்குள் தரை தரையாக ஓடியது.

"பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல சரின்னுட்டீக. இதுக்கு மூணு வாரமா?" என்றாள் என் மனைவி செல்வி.

(அன்றைக்கு ஒரே பெண்ணைத்தானே காட்டினார்கள்!)

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு காற்றுத் தரைக்கு ஆர்டர் போட்டேன். அதில் தப்பில்லை. தப்பெல்லாம் காற்றடிக்கும்போது நடந்தது. தரை கல் மாதிரி இறுகும்வரை அடிக்க வேண்டும் என்று படகோடு வந்த தாளில் போட்டிருந்தது. பாதியிலேயே ரப்பர் கிறீச்சென்றது. பம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னும் அடிக்கணும்லங்க?" என்றாள் செல்வி.

"போதும், வெடிச்சிரும்."

அவள் போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து படகில் ஒரு முனையைக் கட்டினாள்.

கரையில் பாதி ஊர் நின்றது. அத்தை ஏறினார். மாப்பிள்ளைக்குச் சமமாக, உட்காருவதற்கென்று குறுக்கே மாட்டியிருந்த பலகையில் உட்காருவது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, நேரே நடுத்தரையில் அமர்ந்தார். தரை கொஞ்சம் குழிந்தது. பார்க்காத மாதிரி துடுப்பைப் போட்டேன். பத்துப் பதினைந்து அடி போனதும் குழி பள்ளமானது. படகு நடுவில் மடங்க, முன்முனையும் பின்முனையும் வானத்தைப் பார்த்தன. நான் உட்கார்ந்த பலகை கழன்றது. வழுக்கிக்கொண்டு போய் அத்தையின் மடியில் விழுந்தேன்.

பொதுவாக என் முன்னால் குரலை உயர்த்தாதவர், "ஆத்தாடி! எந்திரிங்க மாப்ள!" என்று அலறினார்.

"எந்திரிக்க முடியலங்கத்தை!"

நான் கையை ஊன்றிய இடமெல்லாம் உள்வாங்கியது. துடுப்பு தன் பாட்டுக்கு மிதந்து போனது. செத்தோம் என்றே நினைத்தேன். அத்தை ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் என் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு, "இங்கிட்டு இழுடீ!" என்று மகளைப் பார்த்துக் கத்தினார். செல்வி கயிற்றை இழுத்தாள். நாங்கள் இருவரும் வாழை இலையில் மடித்த கொழுக்கட்டை போலக் கரை சேர்ந்தோம். ஊர் சிரித்தது. அத்தை மட்டும் புடவையைப் பிழிந்துகொண்டே, "மாப்பிள்ளைக்கு அடி கிடி பட்ருச்சா பாரு" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

போன வருடம் மச்சான் புது வீடு கட்டினார். டைல்ஸ் எடுக்க எல்லோரும் புதுக்கோட்டைக்குப் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். இரண்டு தடவை குதித்தும் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் கடைக்காரர் பதறிப்போய்.

"மடங்குதான்னு பாக்குறேந்தம்பி. எங்க மாப்பிள்ளை கூட வந்துருக்காக."