மாற்று வேட்பாளர்

மைக்கைக் கையில் பிடித்தபடி அந்தப் பெரியவர் நிற்க ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

பிளெய்ன்ஸ்பரோ அடுக்ககத்தின் கிளப் ஹவுஸில் அன்று பட்டிமன்ற ஒத்திகை. ‘தேர்தல் நேரத்தில் கட்சி தன் வேட்பாளரை மாற்றுவது பலமா, பலவீனமா?’ என்பது தலைப்பு. அமெரிக்கத் தேர்தல் சூட்டில் எல்லார் வீட்டு டிவியிலும் அதே பேச்சு என்பதால், தமிழ் மன்றத்தின் தீபாவளி விழாவுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். மாற்றவே கூடாது என்று வாதாடும் அணிக்கு முகிலன் பொறுப்பு. அந்த அணிக்குத் தலைவர்தான் இப்போது வாயடைத்து நிற்கிறார்.

மன்றத் தலைவி புஷ்பவல்லி முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். “நஞ்சுண்டன்னு பேரு முகில். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். டாலஸ்ல பையன் வீட்ல இருந்துட்டு இப்ப இங்க பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கார். நானும் பார்த்ததில்ல, டாலஸ் ஃப்ரெண்டு சொன்னா. பேசினா ஹாலே அதிருமாம். உன் நம்பரைக் கொடுத்துட்டேன். நாலு மணிக்கு வந்துடுவார்.”

நாலு மணிக்குக் கதவு திறந்தது. ஸ்வெட்டர், மங்கிக் குல்லா, புது ஸ்னீக்கர்ஸ், கையில் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு. முகிலன் ஓடிப்போய், “வாங்க அங்கிள், உங்களுக்குத்தான் வெயிட்டிங்” என்று கையைப் பிடித்து அழைத்துவந்தான். மைக்கைக் கொடுத்தான்.

பெரியவர் மைக்கைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

“பாயிண்ட்டெல்லாம் எழுதிட்டு வந்திருக்கார், படிக்க வரல” என்று அணிக்கு உதவ வந்திருந்த தீபக் முகிலன் காதில் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து முகிலனின் போன் அதிர்ந்தது. டெக்சாஸ் நம்பர், தெரியாத நம்பர். கார் வாரண்ட்டி விற்கிறவர்களாகத்தான் இருக்கும் என்று வெட்டிவிட்டான்.

பெரியவரைத் தன் காரிலேயே கொண்டுபோய்ப் பதினான்காம் பில்டிங்கில் இறக்கிவிட்டான். வழியில் பெரியவர் பில்டிங் நம்பரைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பாவம், மனசு நொந்திருக்கிறார் என்று முகிலன் நினைத்தான்.

அன்று மாலையே ஜூமில் அவசரக் கூட்டம்.

“ஆளை மாத்திடலாம். தீபக் பேசட்டும்” என்றார் புஷ்பவல்லி.

“ஆன்ட்டி, அறிவிச்ச பேச்சாளரை மாத்தணும்னா கமிட்டியில மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். மன்றத்தோட பைலாவுல இருக்கு” என்றான் முகிலன்.

“அவசரம்னா தலைவர் தனியா முடிவெடுக்கலாம்னு அடுத்த வரியும் இருக்கே. அதை ஏன் படிக்கல?”

“அது பனிப்புயல் வந்தா ப்ரோக்ராமை கேன்சல் பண்றதுக்கு ஆன்ட்டி.”

“முன்னூறு பேர் முன்னாடி ஒருத்தர் வாயைத் திறக்காம நின்னா அதுவும் புயல்தான்.”

“தலைவருக்கு இவ்ளோ பவர் கொடுக்கறது டேஞ்சர்” என்றான் தீபக். அவனைத்தான் மாற்று ஆளாகப் போடுகிறார்கள் என்பது நினைவு வந்ததும், “ஆனா இந்த ஒரு தடவை ஓகே” என்று முடித்தான்.

“நம்ம அணி சொல்றதே வேட்பாளரை மாத்தக் கூடாதுன்னுதான். நாமளே மாத்தினா எப்படி ஆன்ட்டி?”

“மேடையில பேசறது வேற, மேடையை நடத்தறது வேற. நீ நேர்ல போய் பக்குவமா சொல்லிட்டு வா. பெரியவர் மனசு நோகக் கூடாது.”

மறுநாள் முகிலன் ஒரு பை ஆப்பிளோடு பதினான்காம் பில்டிங் போனான். கதவைத் திறந்த அம்மாளுக்குக் கண் விரிந்தது. உள்ளே திரும்பி, “ஏனுங்க, உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்காருங்க” என்றார்.

பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டபடி வந்தார். “இந்த ஊருக்கு வந்து நாலு மாசமாச்சு தம்பி. மகளும் மாப்பிள்ளையும் எட்டு மணிக்குப் போனா ஏழு மணிக்குத்தான் வருவாங்க. எங்களைத் தேடி வந்த மொத ஆளு நீங்கதான்.”

முகிலன் ஆப்பிள் பையை அந்த அம்மாளிடம் நீட்டினான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கோ போய்விட்டது.

“நேத்து நீங்க நல்லா பேசினீங்க அங்கிள்.”

“நான் பேசவே இல்லீங்களே.”

“அதான்... பேசியிருந்தா நல்லா பேசியிருப்பீங்க.”

பெரியவர் அவனையே பார்த்தார். “அப்ப நெசமாலுமே நான் பேசோணுங்களா?”

இதுதான் சமயம். ஆனால் அந்த அம்மாள் காபியோடு வந்து நின்று, கணவர் முகத்தையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆமா அங்கிள்” என்றான் முகிலன். காபி நன்றாக இருந்தது. அதனால் இன்னும் சங்கடமாக இருந்தது.

வாசல் வரை வந்த பெரியவர், “தம்பி, இந்த பார்சல் ரூம் எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார்.

முகிலனுக்குச் சந்தேகம் வந்தது. பட்டிமன்றத்தில் ஆரம்பித்துப் பார்சலில் முடிக்கிறார். மனுஷருக்கு ஞாபகமே சரியில்லையோ? பதில் சொல்வதற்குள் மறுபடியும் அந்த டெக்சாஸ் நம்பர். வெட்டினான். பெரியவர் கேட்டதும் அதோடு மறந்துபோயிற்று.

புஷ்பவல்லியிடம் “சொல்லிட்டேன் ஆன்ட்டி” என்று ஒரு பொய் சொல்லிவைத்தான். அவர் உடனே தீபக்கைத் தயாராகச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் பெரியவரும் தயாரானார். காலை நடையில் ஏரியைச் சுற்றிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். எதிரே நாயோடு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

நாலாம் நாள் தீபக் தான் பேசிப் பார்த்த வீடியோவை முகிலனுக்கு அனுப்புவதாக நினைத்து மன்றத்தின் பொது வாட்ஸப் குழுவில் போட்டான். ‘அங்கிளுக்குப் பதிலா நான், எப்படி இருக்கு?’ என்று கீழே எழுதியும் இருந்தான். பெரியவர் அந்தக் குழுவில் இல்லை. எதிரணித் தலைவி ஜெபராணி இருந்தார்.

பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். “முகிலன், உங்க லீடரை மாத்தறீங்களாமே? ரொம்ப தேங்க்ஸ் தம்பி. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாயிண்ட் எழுதணுமேன்னு கவலையா இருந்துச்சு. இனி எழுதவே வேணாம்.”

இப்போது பெரியவரை மாற்றினால் அந்த நிமிடமே தோல்வி. மாற்றாவிட்டால், முன்னூறு பேர் முன்னால் ஒரு வயதான மனிதர் தலைகுனிந்து நிற்க வேண்டும். ஊரில் அவரைத் தேடிப்போன ஒரே ஆளும் அதற்குத்தான் தேடிப்போனான் என்று ஆகிவிடும். முகிலனுக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் புஷ்பவல்லியிடம் உண்மையைச் சொன்னான். அவர் முதலில் அவனை நன்றாகத் திட்டினார். பிறகு, “சரி, அவரே ஏறட்டும். நான் முன் வரிசையில் உட்கார்ந்து மனசுக்குள்ள பத்து எண்ணுவேன். அதுக்குள்ள வாயைத் திறக்கலேன்னா கை காட்டுவேன். தீபக் போய் மைக்கை வாங்கிடணும். இது பிரசிடென்ட் ஆர்டர்” என்றார்.

சனிக்கிழமை விழா, பக்கத்து ஊர் வெஸ்ட் வின்ட்சரில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். நடுவர் ரூஃபஸ், பட்டுச் சட்டையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஜெபராணி முதலில் பேசினார். தடுமாறுகிறவரை மாற்றத் தைரியம் வேண்டும் என்றார். கைதட்டல். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நடுவர் அவர்களே, எதிரணிக்காரங்களே தங்களோட தலைவரை மாத்த ஒரு ஆளை ரெடியா வச்சிருக்காங்க. அதோ, ரெண்டாவது வரிசையில நீலச் சட்டை.”

அரங்கமே திரும்பி தீபக்கைப் பார்த்தது. மேடையில் உட்கார்ந்திருந்த பெரியவரும் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த முகிலனைப் பார்த்தார். முகிலன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அதே டெக்சாஸ் நம்பர். வெட்டினான்.

“அடுத்து, மாற்றக் கூடாது அணியின் தலைவர், ஐயா நஞ்சுண்டன் அவர்கள்” என்று ரூஃபஸ் அழைத்தார்.

பெரியவர் எழுந்திருக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து தானும் கைதட்டிவிட்டு, யார் வரப்போகிறார் என்பதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

போச்சு, பெயர்கூட மறந்துவிட்டது என்று முகிலனுக்கு வியர்த்தது. “அங்கிள், போங்க” என்று முழங்கையால் தொட்டான்.

பெரியவர் மைக்கின் முன்னால் வந்து நின்றார். புஷ்பவல்லியின் உதடு அசைந்தது. ஐந்து. ஆறு. தீபக் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான். எட்டு. புஷ்பவல்லியின் கை மடியிலிருந்து எழும்பியது.

“அந்தம்மா சொன்னது நெசந்தானுங்க” என்றார் பெரியவர்.

கை பாதியில் நின்றது.

“அன்னைக்கு எனக்குப் பேச வரலீங்க. நாலு மாசமா யாரும் என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்ல. திடீர்னு மைக்கைக் கொடுத்துக் கருத்துச் சொல்லுன்னா என்ன சொல்றதுங்க? மறுநாள் இந்தத் தம்பி ஆப்பிளோட வந்தாரு. என்னைய எடுக்கத்தான் வந்திருக்காருன்னு இப்பத்தான் புரியுது. ஆனா எடுக்கலீங்க. காபி குடிச்சாரு, நல்லாப் பேசுவீங்கன்னாரு, போயிட்டாரு. அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து நாளா ஏரியைச் சுத்திப் பேசிப் பழகினேன்.”

பெரியவர் முகிலன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“தலைவருக்கு ஆளை மாத்த அதிகாரம் இருக்கலாமுங்க. மாத்தாம பொறுத்துக்கறதுக்கும் ஒரு அதிகாரம் வேணுமில்ல? அது எந்தச் சட்டத்துலயும் எழுதியிருக்காது. மனசுலதான் இருக்கோணும்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஜெபராணியே எழுந்து நின்று தட்டினார். புஷ்பவல்லி தூக்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரூஃபஸுக்குத் தீர்ப்பு சொல்லச் சிரமமே இல்லை. “வேட்பாளரை மாற்றக் கூடாது என்பதற்கு இந்த மேடையில் நிற்கும் ஐயாவே சாட்சி. முதலில் நிறுத்தியவரையே கடைசி வரை நிறுத்தியது இந்த அணி. வெற்றி அவர்களுக்கே.”

பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மனைவி முதல் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முகிலனுக்குப் பத்து நாளில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. கூட்டம் கலைந்தபோது பெரியவர் பொன்னாடையோடு தீபக்கைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து அந்த மஞ்சள் சீட்டை எடுத்துக் காட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

தீபக் சீட்டைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னது முகிலன் காதில் விழுந்தது. “பார்சல் ரூமா அங்கிள்? கிளப் ஹவுஸ்ல ரைட் சைடு ரெண்டாவது கதவு.”

போன் மறுபடி அதிர்ந்தது. அதே நம்பர். இன்றைக்கு இருக்கிற சந்தோஷத்தில் வாரண்ட்டிக்காரனிடம்கூட இரண்டு வார்த்தை பேசலாம் என்று முகிலன் எடுத்தான்.

அரங்கை அதிர வைக்கிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

“தம்பி, நான் ஹெட்மாஸ்டர் நஞ்சுண்டன் பேசறேன். ஒத்திகை அன்னைக்குக் காய்ச்சல், வர முடியல. அதைச் சொல்லத்தான் பத்து நாளா கூப்பிடறேன், நீங்க எடுக்கவே இல்ல. இன்னைக்கு மூணு மணியிலேர்ந்து கிளப் ஹவுஸ் வாசல்ல நிக்கறேன், பூட்டியிருக்கு. என்ன தம்பி, என்னை மாத்திட்டீங்களா?”